நம் குழந்தைகளின் கல்வி: எந்தப் பள்ளி, எந்தப் பாடம்?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் இரண்டு நாள் மகிழ்ச்சி; மூன்றாம் நாள் கவலை. மேற்கொண்டு குழந்தையை எங்கே சேர்ப்பது? சொந்த ஊரில் இருந்தால் சிற்றப்பாவோ மாமாவோ படித்த பள்ளி இருக்கும். தெரிந்த உபாத்தியாயர் ஒருவர் இருப்பார். விசாரித்தறிய நாலு வீடு இருக்கும். பிழைப்பை நாடி டில்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்ட நமக்கு அந்த வசதி இல்லை. அடுத்த வீட்டுக்காரர் புகழ்ந்த பள்ளி, பஸ் நிற்கும் இடத்திலுள்ள பள்ளி என்று ஏதேனும் ஒன்றில் சேர்த்துவிடுவதே வழக்கமாக இருந்து வருகிறது. ஆகவே, சர்க்கார் பணத்தில் நடைபெறும் பள்ளிகளில் உயர்வகுப்புப் படிப்பை எவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதைப் பற்றி இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

முதலில் ஒரு பொது விதி. நாம் ஒப்பிட வேண்டியது பள்ளியின் பெயரை அன்று. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் அங்கே எவை கற்பிக்கப்படுகின்றன, கற்பிப்பவர் யார், அப்படிப்பு பிள்ளைக்கு எந்தக் கதவைத் திறக்கிறது, எந்தக் கதவை அடைக்கிறது என்பவற்றையே ஒப்பிட வேண்டும்.

மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் உள்ள நம்மவர் பலருக்குப் பழக்கமானவை கேந்திரிய வித்யாலயங்கள். அடிக்கடி மாற்றலாகும் ஊழியரின் பிள்ளைகளுக்காக 1963-இல் இருபது பள்ளிகளுடன் தொடங்கிய இத்திட்டம் இன்று நாடெங்கும் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட பள்ளிகளாக விரிந்திருக்கிறது. இதன் பெரும்பலன், ஓர் ஊரில் பாதியில் விட்ட பாடத்தை மற்றோர் ஊரில் அதே பக்கத்திலிருந்து தொடரலாம் என்பது. ஆனால், பத்தாம் வகுப்பை அங்கே முடித்துவிட்டதனாலேயே விஞ்ஞானப் பிரிவு தானாகக் கிடைத்துவிடாது. மதிப்பெண்ணைக் கொண்டே பிரிவு ஒதுக்கப்படுகிறது. வெளியிலிருந்து வருபவருக்கு, உள்ளே படித்தவர் போக மிஞ்சிய இடமே உண்டு. எல்லாக் கேந்திரிய வித்யாலயங்களிலும் எல்லாப் பிரிவுகளும் இல்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நவோதய வித்யாலயங்கள் வேறு வகை. 1985-86-இல் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் முதல் இரண்டு பள்ளிகள் எழுந்தன. மாவட்டத்திற்கு ஒன்று என்பது திட்டம். உண்டு உறைந்து படிக்கும் பள்ளி. செலவைச் சர்க்கார் ஏற்கிறது. முக்கால் பங்கு இடங்களேனும் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு உரியவை. ஆறாம் வகுப்பிற்கு நுழைவுப் பரீட்சை உண்டு. காலியிடம் இருப்பின் ஒன்பதிலும் பதினொன்றிலும் சேரலாம். தமிழ்நாடு இத்தனை காலமும் இத்திட்டத்தில் சேராது நின்றதால், ஊரிலுள்ள உறவினரைக் கேட்டால் அவர்களுக்கு இப்பள்ளியைப் பற்றித் தெரிந்திராது. ஆனால் சுரங்கங்களிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்யும் நம் குடும்பங்களுக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு. ஆறாம் வகுப்பிற்கு முயல்வோர், பிள்ளை அதே மாவட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மறத்தலாகாது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பகுதி மாணவர் வேற்று மொழிப் பிரதேசத்துப் பள்ளிக்கு ஓராண்டு அனுப்பப்படுவர் என்பதையும் தாய்மார் முன்னரே அறிந்திருப்பது நலம்.

மூன்றாவது வகை, அந்தந்த ராஜ்யத்தின் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இவ்வகையில் நமக்கு நெருங்கியவை. 1923-இல் வேரூன்றிய அம்முயற்சியால் தலைநகரில் நம் பிள்ளைகள் தமிழைப் பாடமாகவே படிக்கலாம். மும்பையிலோ பத்தாம் வகுப்புடன் பள்ளி முடிகிறது. பின்னர் ஜூனியர் காலேஜ். கர்நாடகத்தில் பி.யு. காலேஜ். ஆகவே இவ்விடங்களில் வசிப்போர் பதினொன்றாம் வகுப்பைப் புதியதொரு சேர்க்கை என்றே கருதி ஆயத்தமாக வேண்டும்.

புதிய பெயர்ப் பலகைகளைக் கண்டு மயங்க வேண்டாம் என்றும் எச்சரிக்க விரும்புகிறோம். 2022-இல் மத்திய சர்க்கார் ஒப்புதல் அளித்த பி.எம். ஸ்ரீ திட்டம், முன்பே உள்ள பள்ளிகளில் 14,500-க்கு மேற்பட்டவற்றை உயர்த்துவதற்கானது. அப்பலகை தொங்குவதனால் மட்டும் அங்கே பௌதிக உபாத்தியாயர் இருக்கிறார் என்று பொருளாகாது. டில்லியில் 2021-இல் தொடங்கப்பட்ட சிறப்புப் பள்ளிகள் அப்போது புதியதொரு தனி வாரியத்துடன் இணைக்கப்பட்டன. இத்தகைய ஏற்பாடுகள் ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியவை. ஆகவே, “இவ்வாண்டு சேரும் பிள்ளை எந்த வாரியத்தின் பரீட்சையை எழுதுவான்?” என்று தலைமையாசிரியரிடமே நேரில் கேட்டறிய வேண்டும்.

இனிப் பாடங்களுக்கு வருவோம். பெரும்பாலான பிழைகள் கணிதத்திலேதான் நேருகின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020-ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தை இரு தரமாகப் பிரித்தது. ஒன்று சாதாரணத் தரம், மற்றொன்று எளிய தரம். எளியதை எடுத்தால் மதிப்பெண் கூடும் என்ற ஆசை இயல்பே. ஆயினும் எளிய தரத்தில் தேறியவர் பதினொன்றாம் வகுப்பில் முழுக் கணிதத்தை எடுப்பதற்குத் தடை வைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அத்தடை தளர்த்தப்பட்டும் இருக்கிறது. தளர்வை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைப்பது விவேகம் ஆகாது. அவ்வாறே பதினொன்றாம் வகுப்பிலும் கணிதம் என்றும் பயன்பாட்டுக் கணிதம் என்றும் இரண்டு உண்டு. பின்னது வணிகமும் பொருளாதாரமும் பயில விரும்புவோரை எண்ணி அமைக்கப்பட்டது. பொறியியல் நாடும் பிள்ளைக்கு உரியது முன்னதே. பெயர்கள் ஒத்திருப்பதனால் பெற்றோர் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கையெழுத்திட்டுவிடக் கூடாது.

பள்ளிக்குச் செல்லும்போது சோதனைச் சாலையைப் பார்க்காமல் திரும்பலாகாது. பௌதிகம், ரசாயனம், உயிரியல் ஆகிய ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் செய்முறைக்கு உரியது. குழாயில் தண்ணீர் வருகிறதா, மேசை மீது தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடையை அங்கே பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மாணவரிடம் கேட்டுப் பெறலாம். விளம்பரத்தை விட அவர்கள் வார்த்தை மெய்யானது.

தனியார் பயிற்சிக் கூடத்தில் நாள் முழுவதும் இருந்துகொண்டு, பள்ளியில் பெயரை மட்டும் பதிந்துவைக்கும் வழக்கம் வடநாட்டு நகரங்களில் பரவியிருக்கிறது. இதை நாம் அறவே விரும்பவில்லை. நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இருந்தாலன்றிப் பரீட்சை எழுத இயலாது என்பது வாரியத்தின் விதி. 2024-இல் டில்லியிலும் ராஜஸ்தானிலும் இவ்வாறு நடந்த சில பள்ளிகளின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. கட்டிய பணம் போனாலும் போகட்டும். போன ஆண்டு திரும்பி வருமா?

புலம்பெயர்ந்து வாழும் நாம் மற்றவரைவிடக் கூடுதலாக நினைக்க வேண்டியது ஒன்றுண்டு. பதினொன்று, பன்னிரண்டு எந்த ராஜ்யத்தில் படிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே, பிறகு கல்லூரியில் எந்த ராஜ்யத்தின் ஒதுக்கீடு கிடைக்கும் என்பது அமைகிறது. டில்லிப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து இடம், அவ்விரு வகுப்புகளையும் டில்லிப் பள்ளியில் படித்தவருக்கு உரியது. வீடு எங்கே என்பதன்று. பள்ளி எங்கே என்பதே கணக்கு. நோய்டாவிலோ குருகிராமத்திலோ குடியிருந்து அங்கேயே படித்த பிள்ளை, தகப்பனார் தினமும் டில்லி ஆபீசுக்குச் சென்றாலும் டில்லிப் பிள்ளை ஆகமாட்டான். மகாராஷ்டிரத்தில் மருத்துவ ஒதுக்கீட்டிற்குப் பத்தும் பன்னிரண்டும் அங்கேயே தேறியிருப்பதுடன் குடியுரிமைச் சான்றும் வேண்டும். தமிழ்நாட்டிற்குத் திரும்ப எண்ணுவோர், பூர்வீகச் சான்றிதழுக்கு வேண்டிய பெற்றோரின் பள்ளிச் சான்றுகளை இப்பொழுதே தேடி எடுத்துவைக்க வேண்டும். அங்கே 2020 முதல் நடைமுறையிலுள்ள ஏழரை சதவீத மருத்துவ ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் பயின்றவருக்கே உரியது. வெளியிலுள்ள சர்க்கார் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் அவ்வாண்டின் சேர்க்கைக் கையேட்டைப் படித்தே முடிவு செய்க.

பரீட்சை மொழியைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவ நுழைவுப் பரீட்சையாகிய ‘நீட்’டின் வினாத்தாள் தமிழிலும் உண்டு, ஆனால் அது தமிழ்நாடு, புதுவை, அந்தமான் நிலையங்களில் மட்டுமே. டில்லியிலும் மும்பையிலும் எழுதுவோர்க்கு அது கிடைப்பதில்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆற்றல் பள்ளிக்கு உண்டா என்று பார்ப்பது அவசியம். இதனால் தமிழை விட்டுவிட வேண்டும் என்பதன்று. ஐந்து பாடங்களுடன் ஆறாவதாக ஒரு மொழியை எடுக்க வாரியம் இடமளிக்கிறது. கற்பிக்க ஆள் இல்லையென்று பள்ளி கைவிரித்தால், பெற்றோர் தனித்தனியே நில்லாமல் சேர்ந்து சென்று கேட்க வேண்டும்.

இறுதியாக, சொல்லத் தயங்கியும் சொல்லாமலிருக்க இயலாத ஒன்று. டில்லியின் சர்க்கார் பள்ளிகள் எல்லாவற்றிலும் விஞ்ஞானப் பிரிவு இல்லை. அப்பிரிவுள்ள பள்ளி சில சமயம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. மகனாயின், “போய் வரட்டும், ஆண்பிள்ளைதானே” என்கிறோம். மகளாயின், “அடுத்த தெருவில் உள்ளதில் எது இருக்கிறதோ அதைப் படிக்கட்டும்” என்கிறோம். கணிதத்தில் தொண்ணூறு வாங்கிய பெண், தான் விரும்பாத பாடத்தை வாய் திறவாமல் படிக்கிறாள். அவள் மறுத்துப் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். தூரம் கவலைக்குரியதே, இருட்டுவதற்குள் பெண் வீடு திரும்ப வேண்டும் என்னும் தாயின் அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் உண்டு. ஒரே பேட்டையில் உள்ள மூன்று நான்கு குடும்பத்துப் பெண்கள் ஒரே பள்ளியில் சேர்ந்து ஒன்றாகச் சென்று வரலாம். வாரம் ஒருவராகப் பெற்றோர் துணை போகலாம். பஸ் தூரத்திற்கு வழி காணலாம். பதினைந்து வயதில் தவறவிட்ட பாடத்திற்கு வழி காண்பது எளிதன்று.

எனவே அன்பர்களே, விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன் ஒரு மாலைப் பொழுதைப் பிள்ளைக்கென ஒதுக்குங்கள். அவர்கள் விரும்புவது என்ன என்று கேளுங்கள். பிறகு பள்ளிக்கு நேரில் செல்லுங்கள். ஹிந்தியில் பேசத் தயங்கும் பெற்றோர்களுக்கு, அவ்வழியைக் கடந்து வந்த நம் சங்கத்துப் பெரியவர்கள் உடன் சென்று உதவ வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஊர்விட்டு ஊர் வந்தவர்க்கு உறவாவது இத்தகைய துணையே.