மாலபே ரயிலை மறந்துவிடாதீர்கள்



மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஜப்பானியக் கடனுதவியுடன் வரவிருந்த இலகு ரயில் திட்டம் 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. சுமார் 16 கிலோமீட்டர், 16 நிலையங்கள், தூண்களின் மேல் தனிப்பாதை. செலவு அதிகம் என்றது அரசாங்கம். தினமும் நெரிசலில் எரியும் எரிபொருளும் தொலையும் வேலை நேரமும் செலவில்லையா?

செத்சிறிபாய, இசுறுபாய என்று அரச அலுவலகங்கள் பத்தரமுல்லைக்குப் போய்விட்டன. மாலபேயில் உயர்கல்வி நிறுவனங்கள் பெருகிவிட்டன. ஆனால் அந்தத் தடத்தில் ரயிலே இல்லை. அதே வழியில் 2018இல் திறந்த ராஜகிரிய மேம்பாலமும் நெரிசலைப் பொரளைப் பக்கம் நகர்த்தியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

திட்டத்தை மீண்டும் எடுங்கள். இம்முறை நிலைய வாசலிலேயே பஸ் தரிப்பிடமும், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே பயணச்சீட்டும், நடக்கத்தக்க நடைபாதையும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

வாசகர்,
பத்தரமுல்லை