நூறு கோடிக்கு மூவாயிரம் ரூபாய்

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மத்திய சட்ட அமைச்சகத்துக்கும் செய்தியாளர்கள், சிறு பதிப்பாளர்கள், ஆலைக் கழிவு குறித்து மனு கொடுத்த ஊர்க்காரர்கள், நுகர்வோர் ஆகிய நாங்கள் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்.

பொய் எழுத எங்களுக்கு உரிமை வேண்டாம். ஆதாரமில்லாமல் பழி சுமத்தியவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெருநிறுவனங்கள் போடும் அவதூறு வழக்குகளில் பலவற்றின் நோக்கம் இழுத்தடிப்பதே. வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே கட்டுரை செத்துப்போகிறது.

ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு ஆபத்து என்று கிண்டலாக ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ். அது தன் பெயருக்குக் களங்கம் என்று டாடா சன்ஸ் பத்துக் கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. கிரீன்பீஸுக்கு வாதாட ஆள் இருந்தது. தாலுகா நிருபருக்கு?

எங்கள் முதல் கோரிக்கை பணம் பற்றியது. பொய்யாகவோ தொல்லை கொடுக்கவோ வழக்குப் போட்டவர்மீது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவில் விதிக்கக்கூடிய ஈட்டுத்தொகை அதிகபட்சம் 3,000 ரூபாய். நூறு கோடி கேட்டுத் தோற்றாலும் அவ்வளவுதான்! மூத்த வழக்கறிஞர் ஒரு வாய்தாவுக்கு வாங்கும் கட்டணத்தில் அது ஒரு மூலைக்குக் காணாது. 2015-ல் வணிக வழக்குகளுக்கு இந்த உச்சவரம்பை நீக்கிய நாடாளுமன்றம் சாதாரண அவதூறு வழக்குகளை மறந்துவிட்டது. கேட்ட தொகைக்கு ஏற்பவே அபராதமும் இருக்கட்டும்.

எதிர்த்தரப்பைக் கேட்காமலே கட்டுரையை நீக்கச் சொல்லும் உத்தரவுகள் நிற்க வேண்டும். விசாரணைக்கு முந்தைய தடை விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க்–ஜீ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சட்டத்திலேயே எழுதுங்கள்.

பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு. நிறுவனமும் அதைப் பயன்படுத்தலாம். குற்றவியல் அவதூறு செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. நாடாளுமன்றம் அதை நீக்குவதற்கு அந்தத் தீர்ப்பு தடையில்லை. நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், அரசு தன் பெயருக்குக் களங்கம் என்று நஷ்டஈடு கேட்க முடியாது என 1994-லேயே தீர்ப்பானது. அரசுக்கே இல்லாத சலுகை கம்பெனிக்கு எதற்கு? ஆஸ்திரேலியாவில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் லாப நோக்கு நிறுவனம் அவதூறு வழக்கே போட முடியாது. அங்கே யாரும் கடையை மூடிவிடவில்லை. குறைந்தபட்சம் பிரிட்டனின் 2013 சட்டத்தைப் போல, கடுமையான பண இழப்பை நிறுவனமே மெய்ப்பிக்கட்டும்.

பொதுநலன் சார்ந்த பேச்சை அடக்கவே தொடுத்த வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய, கனடாவின் ஒன்டாரியோவில் 2015 முதல் உள்ளதுபோல் வழி வேண்டும். ஒரே கட்டுரைக்காக ஊர் ஊராக வழக்குப் போடுவதைத் தடுத்து, எழுதியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே விசாரணை நடத்த வேண்டும்.