வளன் என்னும் பெயர்

திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தை அடுத்து நிற்கும் தூய வளனார் கல்லூரி, 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் இவ்வூர்க்கு மாறியது. செயின்ட் சோசப்பு என ஆங்கிலத்தில் வழங்கும் அது தமிழில் வளனார் ஆனது எங்ஙனம் என வினவின், அங்குப் பயின்றாருள்ளும் பலர் விழிப்பர்.

எபிரேயத்தில் அப்பெயர்க்குக் ‘கூட்டித் தருக’ என்பது பொருள். நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய இராகேல் தலைமகனை ஈன்றபோது, இறைவன் இன்னுமொரு மகனைக் கூட்டித் தருக என வேண்டி யோசேப்பு என இட்டாள் எனத் தொடக்கநூல் கூறும். எகிப்தைப் பஞ்சத்தினின்று காத்தவன் அம்மகனே. மரியாளின் கணவராகிய தச்சரும், இயேசுவின் உடலைக் கேட்டுப் பெற்று அடக்கஞ்செய்த அரிமத்தியா ஊரினரும் அப்பெயரினரே. பவுலுடன் ஊர்தோறும் சென்ற பர்னபாவின் இயற்பெயரும் அதுவே.

போர்த்துக்கீசியர் வாய்வழி அது ‘சூசை’ என இங்கு வந்தது. ஒலி வந்தது; பொருள் வரவில்லை. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் அத்தச்சரையே தலைவராக்கித் தேம்பாவணியை 1726-இல் பாடியபோது, பெருக்கம் என்னும் பொருளை நோக்கி வளன் என்றார். வளம் என்பதன் மகரம் கடைப்போலியாய் னகரமாக, அது ஆண்பால் ஈறு போலவும் ஒலித்துப் பெயர்க்கு இசைந்தது. ‘இறைவன் அருளினார்’ எனப் பொருள்படும் யோவானை அவர் கருணையன் என்றார். கருணை வடசொல்லே, கத்தோலிக்க மக்கள் வழங்கும் அருளப்பன் அதனினும் தூயது.

பெயரைப் பெயர்த்தால் ஆள் மாறிவிடுவார் என்பாருளர். அரபு நாட்டில் யூசுப்பாகவும் இத்தாலியில் சூசெப்பேயாகவும் திரிந்தும் யோசேப்பு மாறினாரில்லை. வளன் ஆனதால் மட்டும் மாறிவிடுவாரோ?

அயல்நாட்டார் ஒருவர் அயற்பெயர்க்கும் தமிழ்ப்பொருள் தேடினார். நாமோ, காவிரிக்கு அப்பால், ஆற்றிடைக்குறை என்னும் பொருளில் அரங்கம் என முன்னோர் வழங்கியதும், திருவரங்கம் என ஆழ்வார்கள் பாடியதுமான ஊரைச் ‘சிறீரங்கம்’ ஆக்கினோம். திரு இருக்கச் சிறீ எதற்கு? பிள்ளைகள் பெயரில் நிகழ்வது இதனினும் கொடிது. எண்கணிதத்தான் சொல்லும் எழுத்துக்காகப் பொருளற்ற ஒலிகளைக் கோத்துப் பெயரென்கின்றனர். பள்ளிச் சேர்க்கையன்று அதன் பொருளை ஆசிரியர் கேட்பின், தந்தை தாயைப் பார்க்கிறார், தாய் தந்தையைப் பார்க்கிறார். பெயர்ப் பதிவேட்டில் ஏறுமுன்னரே தமிழறிந்தார் ஒருவரிடம் அக்கேள்வியைப் பெற்றோர் கேட்டுவிடுக.