அரட்டைக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் போதுமா?

2025 செப்டம்பரில் ஊரே 'அரட்டை'க்கு மாறச் சொல்லிக் கூவியது. சோஹோ நம்மூர்க் கம்பெனி, பெயர் தமிழ், ஆகவே மாறு. சரி மக்களே, மாறலாம். ஆனால் அன்றைக்கு அரட்டையில் இருந்தவருக்கு வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு 'ஹாய்' அனுப்ப முடிந்ததா? முடியவில்லை. அப்புறம் என்ன, ஒரு ஜெயிலிலிருந்து இன்னொரு ஜெயில். புது ஜெயிலில் சாம்பார் நன்றாக இருக்கலாம் :-)

நெய்வேலிக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். இங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கும் கரண்ட் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் போகிறது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பொது விதி இருப்பதால் எந்தக் கம்பெனி ஃபேனும் எங்கேயும் சுற்றுகிறது. என்எல்சி கரண்டுக்கு என்எல்சி ஃபேன்தான் வாங்கணும் என்றால் சும்மா இருப்போமா?

மெசேஜுக்கும் அப்படி ஒரு பொது விதி இருக்கிறது. எக்ஸ்எம்பிபி. 1999-ல் ஜாபர் என்று தொடங்கி 2004-ல் முறையான தரமானது. 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6120 என்ற அதன் ஆவணத்தை யாரும் காசில்லாமல் படிக்கலாம். படித்துவிட்டு, சர்வரோடு பேசுகிற நிரலை எழுதி, மற்றவர்கள் தங்கள் ஆப்பில் பொருத்திக்கொள்ளக் கொடுக்கலாம். அதுதான் கிளையன்ட் லைப்ரரி. ஹாஸ்கல் மொழிக்குக்கூட 'பொன்டாரியஸ்' என்று ஒன்று உண்டு. (பி.காம். ஆட்களுக்குப் பிடிக்க வேண்டிய மொழி. லெட்ஜரில் எழுதியதை அழிக்காமல் திருத்தப் பதிவு போடுகிறோமே, அதுபோல ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பை அதில் மாற்ற முடியாது, புதிதாக எழுத வேண்டும்.) வேலை விளம்பரங்களில் அதிகம் தென்படாத அந்த மொழிக்கும் லைப்ரரி வந்ததற்குக் காரணம், எவனிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதுதான்.

வாட்ஸ்அப்பும் எர்லாங்கில் எழுதப்பட்ட ஈஜாபர்டி என்ற இலவச எக்ஸ்எம்பிபி சர்வரை வைத்துத்தான் ஆரம்பித்தது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைத்து வீடு கட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டது. வெளியாட்கள் துப்பறிந்து அதற்கு லைப்ரரி எழுதினார்கள். 2014 பிப்ரவரியில் கிட்ஹபுக்கு நோட்டீஸ் அனுப்பி அவற்றை நீக்க வைத்தார்கள். அதே மாதம்தான் ஃபேஸ்புக் 19 பில்லியன் டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. கூகுளும் யோக்கியமில்லை. 2005-ல் கூகுள் டாக்கை எக்ஸ்எம்பிபியோடு கொண்டுவந்துவிட்டு, 2013-ல் ஹேங்அவுட்ஸ் வந்ததும் வெளி சர்வர்களைக் கைகழுவியது.

விதியை வெளியிட்டால் பாதுகாப்பு போய்விடும் என்பார்கள். வாட்ஸ்அப் போட்டிருக்கிற சிக்னல் பூட்டின் வரைபடமே ஊரறிய வெளியானதுதான். வரைபடம் தெரிந்தால் சாவி கிடைத்துவிடுமா?

மெசேஜ் ஆப்கள் யுபிஐ, ஈமெயில் போல ஒன்றோடொன்று பேச வேண்டும், விதிமுறைகளைத் தரப்படுத்தி வெளியிட ஐஸ்பிர்ட் அமைப்போடு பேசத் தொடங்கியிருக்கிறோம் என்று 2025 செப்டம்பர் கடைசியில் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். நல்ல வார்த்தை. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "மாறு, மாறு" என்று கூவுகிறவர்கள் கூடவே "ஆவணம் எங்கே?" என்றும் கூவட்டும். அதை மட்டும் படித்து, யாரோ ஒரு மாணவன் ஹாஸ்கலில் ஒரு லைப்ரரி எழுத முடிந்தால், அன்றைக்கே எங்கள் அம்மா போனிலும் அரட்டையை ஏற்றித் தருகிறேன்.