கத்தி பட்டால் பரவுமா?

மலத்தில் ரத்தம் தெரிந்தால் நாமக்கல், சங்ககிரிப் பக்கம் முதலில் வரும் பேச்சு, "வண்டி ஓட்டுற உடம்பு, சூடு, மூலமாத்தான் இருக்கும்." பல நேரம் மூலமாகவே இருக்கும். ஆனால் சோதிக்காமலே மோரும் கற்றாழையுமாக மாதங்களைக் கடத்துகிறோமே, அதுதான் என் கவலை. பெருங்குடல் புற்று என்று தெரிந்த பிறகும், "கத்தி பட்டா பரவிடும்" என்ற பயம் குறுக்கே நிற்கிறது.

இதுபோன்ற ஒரு பயம் மருத்துவர்களுக்கும் இருந்தது. 1990களில், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் குடல் புற்றை அகற்றத் தொடங்கியபோது, துளையிட்ட இடத்திலேயே புற்று முளைத்ததாகத் தகவல்கள் வர, பலர் தயங்கினார்கள். 872 நோயாளிகளிடம் வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2004இல் விடை சொன்னது. மூன்றாண்டுகளில் நோய் திரும்பியது, வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு. துளையிட்டுச் செய்துகொண்டவர்களில் 16 சதவீதம் பேருக்கு. துளை முறையால் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை.

லேப்ராஸ்கோப்பித் துறையில் உலகம் அறிந்த கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு, நாமக்கல் மாவட்டத்துக்காரர். சிறு வயதில் மலேசியாவில் கூலி வேலை செய்துவிட்டு, ஊர் திரும்பிப் படித்து மருத்துவரானவர். நம் மண்ணுக்கு இது பெருமை.

சரி, ஆபரேஷன் எப்படி இருக்கும்? முழு மயக்கம் கொடுத்து, வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பி, தொப்புள் அருகே கேமராவையும் சிறு துளைகள் வழியே கருவிகளையும் செலுத்துவார்கள். புற்றுள்ள குடல் பகுதியை நிணநீர் முடிச்சுகளோடு வெட்டி, சில சென்டிமீட்டர் கீறல் வழியே வெளியே எடுத்து, மீதிக் குடலை இணைப்பார்கள். உள்ளே சிக்கல் தெரிந்தால் வயிற்றைத் திறக்கவும் நேரலாம். அது தோல்வியல்ல, பாதுகாப்பு. சிலருக்குத் தற்காலிகமாக வயிற்றின் மேல் மலம் சேரும் பை வைப்பார்கள்.

விழித்தபின் தோள் வலித்தால் மாரடைப்போ என்று பதறுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்த வாயுவின் வேலைதான். ஆனாலும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். மறுநாளே நடக்கச் சொல்வார்கள், நடங்கள். காற்றுப் பிரிந்தால் குடல் விழித்துவிட்டதென்று பொருள். சிக்கலில்லாவிட்டால் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பலாம். தீவன மூட்டை தூக்குவதும் லாரி ஓட்டுவதும் மருத்துவர் சொல்லும் வரை வேண்டாம். காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலியோ வந்தால் அது குடலை இணைத்த இடத்தில் கசிவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அகற்றிய நிணநீர் முடிச்சுகளில் குறைந்தது 12ஐயாவது பரிசோதிப்பது உலக வழக்கம். கீமோ தேவையா என்பது பெரும்பாலும் அந்தப் பரிசோதனை அறிக்கையைப் பொறுத்தது. கேட்டு வாங்கி வையுங்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் விசாரியுங்கள். ரத்தம் தெரிந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள், "கேமரா விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்