தலைப்பு வேண்டாம், கேள்வி வேண்டும்

ஊர் உறவுகள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி வாசியுங்கோ. கோபம் வந்தாலும் முழுதாக வாசித்துவிட்டுக் கோபியுங்கோ.

விஞ்ஞானக் கண்காட்சிக் காலம் வந்தால் ஒரே தலைப்புத்தான் சுற்றிவரும்: ‘நிலத்தடி நீர் மாசடைதல்’. பிள்ளை கடைக்குப் போகும். கடைக்காரர் இணையத்தில் எடுத்து, அச்சடித்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பார். அட்டையில் பூமிப்பந்து அழும் படம். நடுவர்கள் அட்டையைப் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர்கூட யாரும் அள்ளிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இதற்கு ஆய்வு என்று பெயர் வைப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். இது தலைப்பு. தலைப்புக்குப் பதில் கிடையாது. பதில் இல்லாத இடத்தில் பிழை பிடிக்கவும் முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் தலைப்புப் பிடிக்கிறது.

“சின்னப் பிள்ளைகள்தானே, இதுவே போதும்” என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மண்கும்பானில் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் சின்ன விசயம் இல்லை. எங்கள் மணல் மழையை வாங்கி வைத்திருக்கிறது. அந்த நன்னீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. இரண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி மேலே வரும். மணலை அள்ளினாலும், மோட்டரைப் போட்டு அளவில்லாமல் இறைத்தாலும் கைவைப்பது இந்தக் கணக்கில்தான்.

“மணல் அள்ளினதால்தான் கிணறு உவராகிவிட்டது” என்று ஒரு பகுதி. “அப்படி ஒன்றும் இல்லை” என்று இன்னொரு பகுதி. வட்ஸ்அப்பில் இரவிரவாகச் சண்டை. இரண்டு பகுதியிடமும் அளவு இல்லை. ஏனென்றால் அளக்கக்கூடிய கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கேள்வி இப்படி இருக்கவேண்டும்: மணல் அள்ளிய இடத்திலிருந்து 200 மீற்றருக்குள் இருக்கும் கிணறுகளில், ஆவணி மாதத்தில், மணல் அள்ளாத பக்கத்துக் கிணறுகளைவிட உப்பு கூடுதலா?

இதில் எந்தக் கிணறு, எந்த மாதம், எதை அளப்பது, எதோடு ஒப்பிடுவது எல்லாம் இருக்கிறது. ஒப்பிடும் கிணறுகள் கடலிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கடல் செய்த வேலையை மணலின் தலையில் கட்டிவிடுவோம். மோட்டர் போட்ட கிணற்றையும் வாளியால் அள்ளும் கிணற்றையும் கலக்கக்கூடாது. கையடக்க மானி ஒன்றும் ஒரு கொப்பியும் இருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்துமுடிக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ‘இல்லை’ என்ற பதிலும் வரக்கூடிய கேள்வி இது. எங்களுக்குப் பிடிக்காத பதிலுக்கும் இடம் வைக்காத கேள்வி, கேள்வியே அல்ல.

ஆயிரம் வருடங்களுக்கு முன் பஸ்றாவில் பிறந்த இப்னுல் ஹைதம் இதைத்தான் காட்டினார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்று பெரிய பெரிய கிரேக்க அறிஞர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அப்படியென்றால் சூரியனைப் பார்க்கும்போது கண் ஏன் நோகிறது என்று யோசித்தவர் அவர். மேடையில் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது சுகம். அவரைப்போலக் கேட்பதுதான் கஷ்டம்.

கேள்வி சரியில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சுன்னாகத்தில் பார்த்தோம். மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் என்று 2014, 2015இல் யாழ்ப்பாணமே கொதித்தது. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு முடிவைச் சொன்னது. சனம் எதை நம்புவதென்று தெரியாமல் பவுசருக்கு வாளியோடு நின்றது. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. ‘எண்ணெய் இருக்கா, இல்லையா’ என்ற சத்தம் அங்கே தீர்வு தரவில்லை. எந்தக் கிணற்றில், எவ்வளவு, எந்த நியமத்தைவிடக் கூடுதல் என்ற கேள்விதான் வழக்கில் நின்றது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 1990இல் இந்தத் தீவிலிருந்து எல்லாச் சமூகமும் ஏதோ ஒரு வழியில் பெயர்ந்தது. திரும்பி வந்த பிறகு எத்தனை பேர் எங்களிடம் படிவத்தோடு வந்தார்கள்! குடும்பத்தில் எத்தனை பேர், கூரை ஓடா தகரமா என்று கேட்டார்கள், எழுதினார்கள், போனார்கள். கேள்வி அவர்களுடையது, அதனால் பதிலும் அவர்களோடு போய்விட்டது. எங்கள் கிணற்றைப் பற்றி எங்கள் பிள்ளை கேட்டால் பதில் இந்த ஊரில் இருக்கும். பிரதேச சபைக்கும் நீர் வழங்கல் சபைக்கும் கொண்டுபோய் வைக்கலாம்.

ஆகவே நடுவர்களுக்கு: அட்டையை மூடிவைத்துவிட்டு, “பிள்ளை, உன்ர கேள்வி என்ன?” என்று முதலில் கேளுங்கோ. பெற்றோருக்கு: பைண்டிங்குக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்து வகுப்புக்கு ஒரு மானி வாங்கிக் கொடுங்கோ. கிணற்றுச் சொந்தக்காரருக்கு: பிள்ளைகள் போத்தலோடு படலையில் நின்றால் விரட்டாதேங்கோ.

பள்ளிவாசல் கிணறு, கோயில் கிணறு, வீட்டுக் கிணறு எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தண்ணீர்தான். வருகிற ஆவணிக்குள் பத்துக் கிணறுகளின் கணக்காவது எங்கள் பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.