நீங்கள் கேட்டவை: ஆடு தூக்கும் சிறுத்தை... விஷம் வைப்பது தீர்வாகுமா?

'மலையடிவாரத்தில் 20 ஆடுகள் வளர்க்கிறோம். ஒரே மாதத்தில் 3 ஆடுகளைச் சிறுத்தை அடித்துவிட்டது. மிச்சம் கிடக்கும் உடலில் விஷம் வைத்தால் தொல்லை தீரும் என்கிறார்கள். செய்யலாமா? கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்லலாமா?'

- சத்தியமங்கலம் பகுதி வாசகர்

ஆட்டைப் பறிகொடுத்தவருக்கு ஆத்திரம் வருவது நியாயம்தான். ஆனால், விஷம் வைக்கவே கூடாது. அடித்த இரையைத் தின்ன சிறுத்தை மறுநாளும் வரும் என்பது உண்மை. அதற்கு முன்பே ஊர் நாய்களும், மோயாறு பள்ளத்தாக்கில் கூடு கட்டும் பாறுக் கழுகுகளும் அந்த உடலைத் தின்று சாகக்கூடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, சிறுத்தையைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் குற்றம். அதில் மனிதர்களும் சிக்கிச் சாகிறார்கள்.

பிடித்து வேறிடத்தில் விடுவதும் எளிய தீர்வு அல்ல. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் அப்படிச் செய்த பிறகு, மனிதர்கள் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4-லிருந்து 17 ஆக உயர்ந்தது. பழகாத இடத்தில் விடப்படும் சிறுத்தை அலைந்து திரியும். அது காலி செய்த இடத்துக்கு வேறொன்று வந்துவிடும்.

அதே மாநிலத்தில் அகோலே பகுதியில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே சிறுத்தைகள் வாழ்கின்றன. அவற்றின் எச்சத்தை ஆராய்ந்ததில், உணவில் 39 சதவிகிதம் நாய், 11 சதவிகிதம்தான் ஆடு. இத்தனைக்கும் அங்கு நாய்களைப்போல 7 மடங்கு ஆடுகள் உண்டு. நாய்கள் காவலின்றித் திரிகின்றன. ஆடுகளைப் பகலில் ஆள் மேய்க்கிறார், இரவில் கொட்டிலில் அடைக்கிறார்கள். நமக்கான பாடம் இதுதான்.

செய்ய வேண்டியவை:

* பட்டிக்கு நான்கு பக்கமும் கெட்டியான கம்பிவலை அடிக்க வேண்டும். மேற்கூரையும் மூடியிருக்க வேண்டும். ஓலைக்கூரையைப் பிய்த்து இறங்கும் சிறுத்தை, ஓட வழியில்லாத ஆடுகளில் பலவற்றைக் கொன்றுவிடும்.

* கதவுக்கு அடியில் சந்து இருக்கக் கூடாது. வெறும் படல் போதாது, தாழ்ப்பாள் அவசியம்.

* பொழுது சாய்வதற்குள் ஆடுகளை அடைத்துவிட வேண்டும். கன்றுக்குட்டியை வெளியில் கட்டக் கூடாது. காவல் நாயையும் இரவில் உள்ளே கட்ட வேண்டும்.

* கோழி, இறைச்சிக் கழிவுகளை வீட்டருகே கொட்டக் கூடாது. கழிவுக்கு நாய் வரும். நாய்க்குச் சிறுத்தை வரும்.

* பட்டியைச் சுற்றியுள்ள புதரை அகற்ற வேண்டும். இருட்டில் சிறுவர்களைத் தனியே வெளியே அனுப்பக் கூடாது.

சிறுத்தையைக் கண்டால் கூட்டமாகத் துரத்தக் கூடாது. மிரண்ட விலங்குதான் திருப்பித் தாக்கும். அது தப்பிச் செல்ல வழிவிட்டு, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

ஆடு இறந்தால் உடலை நகர்த்தாமல், புதைக்காமல், போட்டோ எடுத்துக்கொண்டு உடனே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். வனத்துறையினரின் ஆய்வு, கால்நடை மருத்துவரின் சான்று இரண்டும் இருந்தால்தான் இழப்பீடு கோருவது எளிது. விஷம் வைத்தவருக்கு இழப்பீடு கிடைக்காது; வழக்குதான் மிஞ்சும். 3 ஆடுகள் போன பட்டியில் மீதமுள்ள 17 ஆடுகளைக் காப்பது கூரையும் கதவும்தான். அந்த வேலையை இன்றே தொடங்குவது நல்லது.